கழற்றி வைத்த சக்கரம்

காரைத் தாழ்வாக்கும் குட்டை ஸ்பிரிங்குகளைச் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வாசலில் நானே மாட்டிக்கொண்டிருந்தேன். தரையோடு தவழ்ந்து போகப்போகும் காரைக் கனவு கண்டபடி, வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுத்திருந்தேன். வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது.

அருகில் ஒரு சைக்கிள் நின்றது. மண் படிந்த பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"தம்பி, மைன்ஸ்ல முட்டு குடுக்காம அடியில கைகூட வுட மாட்டோம்ங்க."

"எனக்குத் தெரியும், போங்க," என்றேன் எரிச்சலாக.

நான் கழற்றி வைத்திருந்த சக்கரத்தை அவர் காருக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் ஜாக்கி சரிந்தது. கார் அந்தச் சக்கரத்தின் மேல் மெத்தென்று உட்கார்ந்தது. என் மூக்குக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி. பக்கவாட்டில், வெயிலில் பூக்கள் நிதானமாக விழுந்துகொண்டே இருந்தன.

ஊர்ந்து வெளியே வந்தபோது தெருவில் யாருமில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அதனால்தான் இன்றும் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருகிற ஒவ்வொருவருக்கும் வணக்கம் வைக்கிறேன்.