பிரெஞ்ச் தீவுச் சேறும் யூட்டின் பெயரும்

இந்தப் பயணத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு பதிவு எழுதியிருக்கிறேன். அதில் முக்கியமான இடம் பொய். ஆகவே முதலிலிருந்து மீண்டும் எழுதுகிறேன். பழைய பதிவை நீக்கவில்லை. நீக்கினால் நான் அப்படி எழுதவே இல்லை என்று ஆகிவிடும். அதன் தலையில், இதை வாசியுங்கள் என்று ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்.

கடல் தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு மன்னார்க்காரர் பிழையான இடம் காட்டியதால் என் படகு சேற்றில் ஏறியது என்று அதில் எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் மெல்பேர்ணின் தென்கிழக்கில் அலுமினியப் படகு வைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் தமிழ் ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப் போகும் மன்னார்க்காரர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பெயர் யூட். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பெயரை இங்கே எழுதுகிறேன். அவர் எனக்கு எந்த இடமும் காட்டவில்லை. அங்கே போகவேண்டாம் என்றுதான் சொன்னார்.

சென்ற பெப்ரவரியில், வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாட்கள் போனேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. டண்டினோங்கில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் நின்றபடி வேலை செய்தவன். ஓய்வு பெற்றதும் கரீபியன் தீவுகளில் ஒரு பாய்ப்படகை வாடகைக்கு எடுத்து, தீவு தீவாகத் தனியே ஓட்ட வேண்டும் என்பது என் நீண்டநாள் திட்டம். வாடகைக்கு விடுபவர்கள், இதற்கு முன் தனியாக எங்கெங்கே ஓட்டினாய் என்று பட்டியல் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் எழுதத்தான் இந்தப் பயணம். இடம் வெஸ்ரேண் போர்ட் குடா. அதன் நடுவில் பிரெஞ்ச் தீவு, தெற்கே பிலிப் தீவு.

பாய் ஓட்ட எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. வகுப்புக்குப் போனால் என்னைவிட நாற்பது வயது குறைந்தவன் கயிறு கட்டிக் காட்டுவான். அது எனக்கு ஒத்துவராது. பத்து வருடமாகப் புத்தகமும் காணொளியும் பார்த்து நானே படித்தேன். எல்லாம் கரீபியன் காணொளிகள். பத்தொன்பது அடி நீளமான பழைய பாய்ப்படகு ஒன்றை இழுவண்டியோடு 6,500 டொலருக்கு வாங்கினேன். சிறிய இயந்திரம் பூட்டியிருந்ததால் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அந்தப் பரீட்சையில் ஒரேயொரு கேள்விதான் பிழையானது. அது வற்றுப்பெருக்குப் பற்றியது, அதாவது கடல் நாளுக்கு இரு முறை ஏறி இறங்குவது பற்றியது. கேள்வியே பிழை என்று மேசையில் இருந்த பெண்ணிடம் வாதாடினேன்.

நான் பிறந்து வளர்ந்த ஊர்க் கடலில் தண்ணீர் ஓர் அடி, இரண்டடிதான் ஏறி இறங்கும். கரீபியனிலும் அவ்வளவுதான். அங்கே மாலுமிகள் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நங்கூரம் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். வெஸ்ரேண் போர்ட்டில் இரண்டு மீற்றருக்கு மேல் இறங்கும். இந்த எண் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

வெள்ளி காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டேன். ஹேஸ்ரிங்ஸ் படகுத்துறைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர்; இழுவண்டியோடு ஐம்பது நிமிடம். படகை இறக்கக் கட்டணம் வாங்கவில்லை. அங்கே யூட் நின்றார். ஐம்பது வயது, களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டுபவர், அன்று லீவு. எனக்குத் தெரியாமல் என் மனைவிதான் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். இறங்கும்போதே எனக்குக் கோபம்.

“அண்ணை, எங்க எங்க போறியள்?”

சொன்னேன். ஞாயிறு காலை பிரெஞ்ச் தீவின் வடமேற்குக் கரையில், கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன் என்றேன்.

“அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணை. அங்க தண்ணி நிக்காது. காலமை பார்த்தால் கடல், மத்தியானம் பார்த்தால் சேறு. நானே ஒருக்கா மாட்டி, ஆறு மணித்தியாலம் கொக்கு மாதிரி நிண்டனான்.”

“தம்பி, மீன் பிடிக்கிறது வேற, பாய் ஓட்டுறது வேற. நான் பத்து வருசமாய்ப் படிச்சிட்டுத்தான் வாறன்.”

பக்கத்தில் படகு கழுவிக்கொண்டிருந்த இரண்டு தமிழ் ஆட்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். யூட் சிரித்தார்.

“சரி, கப்பித்தான் சொன்னால் சரி. ஞாயிறு பத்து மணிக்கு அக்காவுக்கு ஒரு மெசேஜாவது போடுங்கோ.”

தண்ணீர் ஏறி இறங்கும் நேரங்கள் அச்சிட்ட ஒரு தாளையும் கையில் தந்தார். அடுப்பு ஆடாமல் இருக்க அதை நாலாக மடித்து அடியில் வைத்தேன்.

ஹேஸ்ரிங்ஸிலிருந்து பிரெஞ்ச் தீவின் ரங்கேட்டன் துறைவரை சுமார் பத்துக் கிலோமீற்றர். பாய்மரம் நிறுத்திக் கயிறுகள் கட்டிப் புறப்பட மத்தியானம் ஆகிவிட்டது. மெல்லிய தென்மேல் காற்று. இரண்டு மணி நேரத்தில் போகலாம் என்று கணக்கிட்டேன், மூன்றரை ஆனது. ஸ்ரோனி பொயின்ற்றுக்கு முன்னால் பாய் நிறையக் காற்றிருந்தும் படகு அரைமணி நேரம் ஒரே இடத்தில் நின்றது. பாய் தைத்தவனைத் திட்டினேன். கடல் எனக்கு எதிரே குடாவுக்குள் ஏறிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

பிரெஞ்ச் தீவு போக விரும்புகிறவர்களுக்கு: ஸ்ரோனி பொயின்ற்றிலிருந்து பயணிகள் படகு கால்மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். தீவுக்கு மின்கம்பியும் குழாய்த் தண்ணீரும் வருவதில்லை. துறையில் கடை இல்லை. குடிதண்ணீரைக் கொண்டுபோங்கள். நடக்க நல்ல மண் வீதிகள். யூக்கலிப்டஸ் மரங்களில் கோலாக்கள் எண்ணச் சலிக்கும் அளவுக்கு இருக்கின்றன. சனிக்கிழமை தெற்கே பத்துக் கிலோமீற்றர் ஓடி, பிலிப் தீவின் கவ்ஸில் மீனும் சிப்சும் 19 டொலருக்குச் சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் ரங்கேட்டன் திரும்பினேன். அன்று எல்லாம் சரியாக நடந்தது. சனிக்கிழமையைப் பற்றி எழுதக் காரணம், அந்த ஒரு நாள் கொடுத்த தலைக்கனம்தான்.

ஞாயிறு விடியக் கிளம்பி எட்டு நாற்பதுக்கு வடமேற்குக் கரையை அடைந்தேன். கண்ணாடி போல் தண்ணீர், கண்டல் மரங்கள், கருப்பு அன்னங்கள். ஆழம் ஆறடி. யூட் சொன்ன இடம் இதுதான் என்பது தெரிந்துதான் நங்கூரம் போட்டேன். அவர் சொல்லியிராவிட்டால் இன்னும் கொஞ்சம் வெளியே போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். ரொட்டி சுட்டுச் சாப்பிட்டேன். படுத்தேன்.

பதினொன்றரைக்கு, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்த கேத்தல் உருண்டு என் காலில் விழுந்தது. படகு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வெளியே எட்டிப் பார்த்தால் கடல் இல்லை. சாம்பல் நிறச் சேறு, நண்டுகள், இருநூறு மீற்றர் தள்ளி ஒரு கோடு போலத் தண்ணீர். தொலைபேசியில் மனைவியின் ஏழு தவறிய அழைப்புகள். எட்டாவது அழைப்பு வந்தபோது அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. என்ன சொல்வது? யூட் சொன்னது சரி என்றா?

அப்படியே இருந்திருந்தால் மாலையில் தண்ணீர் வந்து படகு தானே மிதந்திருக்கும். இதை நன்றாகக் கவனியுங்கள். சேற்றில் ஏறிய படகில் இருப்பது வெட்கமே தவிர ஆபத்தில்லை. நான் படகைத் தள்ளிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். முதல் அடி முழங்கால்வரை, இரண்டாவது அடி தொடைவரை. மூன்றாவது அடி வைக்கக் கால் வரவில்லை. படகின் ஏணி கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. தொலைபேசி உள்ளே படுக்கையில். பன்னிரண்டே காலிலிருந்து இரண்டு மணி நேரம் அந்த வெயிலில் நின்றேன். ஒரு கட்டத்தில் தொலைபேசி மறுபடி அடிப்பது கேட்டது. தண்ணீர் திரும்பி வரும், அப்போது நான் இதே இடத்தில் நிற்பேன் என்ற கணக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

மனைவி நண்பகலில் யூட்டை அழைத்திருக்கிறாள். தேவாலயத்தில் ஞாயிற்றுப் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், அப்படியே எழுந்து படகைக் காரில் கொழுவிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கே தேடுவது என்று அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டே காலுக்குத் தண்ணீர்க் கோட்டில் அவர் படகு தெரிந்தது.

“அண்ணை, ஆடாதேங்கோ! ஆட ஆடத் தாழும்!”

தன் மீன் பெட்டியின் மூடியையும் படகின் தளப் பலகையையும் கழற்றினார். ஒன்றில் குப்புறப் படுத்து, மற்றதை முன்னே வைத்து, அதில் ஊர்ந்து, பின்னதை இழுத்து முன்னே வைத்து, இப்படியே இருநூறு மீற்றர். வந்து சேர்ந்தபோது முகத்தில் கண் இரண்டும்தான் சேறில்லாமல் இருந்தன.

“புத்தகத்தில இந்தப் பாடம் இல்லையோ அண்ணை?” என்றார். பலகையை என் நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, கையால் சேற்றைத் தோண்டி, ஒவ்வொரு காலாக எடுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. படகில் ஏற்றி, தண்ணீரும் தன் பையிலிருந்த பணிஸ் ரொட்டியும் தந்தார். பிறகு கடல் மீட்புத் தொண்டர்களை அழைத்தார். என் நெஞ்சு அடித்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஐந்து மணிக்குத் தண்ணீர் ஏறியதும் அவர்கள் வந்தார்கள். தலைவர் என் வயதுக்காரர், வெள்ளைக்காரர். என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, ஏன் இங்கே நங்கூரம் போட்டாய் என்று கேட்டார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்களிடம் இருபத்தாறு வருடம் கேட்ட குரல். நான் கையை நீட்டி யூட்டைக் காட்டினேன்.

“இவர்தான் இங்கே போடலாம் என்று சொன்னார்.”

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். யூட்டுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். மறுத்திருக்கலாம். தலையைக் குனிந்து சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவர் ஐந்து நிமிடம், வயதானவர்களுக்கு இப்படி ஆலோசனை சொல்லிக் கொல்லப் பார்க்கிறாயா என்று அவரை ஏசினார். அவர் அப்படிக் கத்தியிருக்கத் தேவையில்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் கத்தவைத்தது நான். யூட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு “யெஸ், சொரி” என்று மட்டும் சொன்னார்.

அங்கேயே முடிந்திருந்தால்கூட ஒரு மாதிரிப் பொறுத்திருக்கலாம். வீட்டில் மனைவி கேட்டபோதும் அதையே சொன்னேன். பிறகு பதிவாகவும் எழுதினேன். வாசித்தவர்கள் எனக்கு அனுதாபம் எழுதினார்கள். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து மனைவி கடையில் யூட்டின் மனைவியைக் கண்டு பேசியிருக்கிறாள். வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டாள்.

“யூட்டின்ர படகில இப்ப ஒருத்தரும் ஏறுறேல்லையாம். நாலு பேர் போறவையாம், நாலு பேரும் சாட்டுச் சொல்லிப்போட்டினமாம். கோயிலில ஒரு மனுசி யூட்டின்ர மனுசியிட்ட, உங்கட மனுசன் கிழவனைக் கொல்லப் பார்த்தவராம் எண்டு முகத்துக்கு நேர கேட்டவவாம். அவர் உங்களுக்கு உண்மையிலயே அந்த இடத்தைச் சொன்னவரோ?”

நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன். முப்பத்தொன்பது வருடம் என்னோடு இருந்தவள். அதுவே அவளுக்குப் போதும்.

நோபல் பார்க்கில் யூட்டின் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். அவர் கடலில் இருக்க வேண்டிய நேரம். படகு வீட்டு முற்றத்தில் துணி போர்த்தியபடி நின்றது. கதவைத் திறந்த அவர் மனைவி, பழக்கத்தில், “வாங்கோ அங்கிள், தேத்தண்ணி ஊத்தட்டோ?” என்றார்.

உள்ளேயிருந்து யூட் வந்தார். “வேண்டாமப்பா, அண்ணை இருக்கமாட்டார்.”

வாசலில் நின்றே சொன்னேன், பிழை விட்டேன் என்று. அந்தச் சொல்லை என் வாழ்க்கையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

“எனக்கு ஏன் அண்ணை சொல்லுறியள்? எனக்குத்தான் முதலே தெரியுமே. வாசிச்ச ஆக்களுக்குச் சொல்லுங்கோ.”

“உன்ர பெயரைப் போடலாமோ?”

“பெயர் போடாமலே ஊர் முழுக்கத் தெரிஞ்சதுதானே. இப்பவாவது போடுங்கோ.”

“அண்டைக்கு அந்த வெள்ளைக்காரனுக்கு ஏன் நீ ஒண்டும் சொல்லேல்லை?”

அவர் கதவில் கை வைத்தார். “உங்கட கை நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு சொல்லுவியள் எண்டு நினைச்சன்.”

கதவைச் சாத்தினார், சத்தமில்லாமல்தான்.

மீட்புத் தொண்டர் நிலையத்துக்கும் கடிதம் எழுதிவிட்டேன். கரீபியன்காரர்களுக்கு அனுப்பும் பட்டியலிலும் இந்தப் பயணத்தை நடந்தபடி எழுதியிருக்கிறேன்: எச்சரிக்கையைக் கேளாமல் தரைதட்டியது, இன்னொருவரால் மீட்கப்பட்டேன். அவர்கள் படகு தருவார்களோ தெரியாது. தராவிட்டால் அவர்களோடு வாதாட மாட்டேன் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது.

வெஸ்ரேண் போர்ட் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நேர அட்டவணையைக் கண்முன் ஒட்டிவையுங்கள். நங்கூரம் போடும்போது இருக்கும் ஆழத்தில் மூன்று மீற்றரைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மட்டும் போடுங்கள். சேற்றில் ஏறிவிட்டால் இறங்காதீர்கள். தொலைபேசி உடம்போடு இருக்கட்டும், அடித்தால் எடுங்கள்.

யூட்டின் படகில் நான்கு இருக்கைகள். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு நோபல் பார்க்கிலிருந்து புறப்படுவார். எரிபொருள் செலவைப் பங்கிடுவார்கள், ஆளுக்கு இருபது டொலருக்குள் வரும். நானும் வரட்டுமா என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். இல்லை என்று பதில் வந்தது. அது சரிதான். என் பதிவை நம்பிச் சாட்டுச் சொன்ன நான்கு பேரும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். அவரைக் கூப்பிடுங்கள். ஏன் திரும்ப வருகிறீர்கள் என்று கேட்டால், நான் சொல்லி வந்ததாகச் சொல்லாதீர்கள். என் பேச்சைக் கேட்டு அவரிடமிருந்து போனவர்கள் நீங்கள். இந்த முறை அவரை நம்பிப் போங்கள்.