நோர்வூட்டில் அம்மனுக்கு ஒரு கண்

கடந்த மழைக்காலத்தில் நான் மலையகத்து நோர்வூட்டுக்குப் போனது சுற்றிப்பார்க்க அல்ல. அங்கே தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் என் தோழி யோகேஸ்வரி போனில் கூப்பிட்டிருந்தாள்.

"லயத்துக்கு மேல மண்ணு வெடிச்சிருக்குடி. ஸ்கூலுக்கு வாங்கன்னா, அம்மன விட்டுட்டு வர மாட்டாங்களாம். அம்மனோட ஒரு வெள்ளிக் கண்மலரக் காணோம். கண்ணில்லாம வெளிய தூக்கக் கூடாதாம். நகைக் கடையெல்லாம் பூட்டிக் கெடக்கு. ஒன் களிமண்ண எடுத்துக்கிட்டு வா."

கொழும்பில் நான் வெள்ளிக் களிமண்ணில் சிறு நகைகள் செய்கிறேன். வெள்ளித்தூளைப் பசையோடு பிசைந்த மாவு அது. உருவம் பிடித்து, காயவைத்துச் சுட்டால் பசை எரிந்து வெள்ளி மட்டும் மிஞ்சும்.

ஹட்டனில் பஸ் இறங்கியபோது காலை பத்து மணி. தோட்டம் வரை முச்சக்கர வண்டிக்கு மூவாயிரம் ரூபாய். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒரு வளைவில் பாதி ரோட்டைக் காணவில்லை. "அந்தப் பக்கம் பாக்காதீங்க மிஸ்," என்றார் டிரைவர். பார்த்துவிட்டேன். அதன்பிறகு கம்பியைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், தேயிலைச் சரிவில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து கலங்கல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நேர் கீழே கோயில், அதை ஒட்டி நான் வேலை செய்யவிருந்த வீடு.

பூசாரி மற்றக் கண்ணைக் கழற்றித் தந்தார். அதை அச்செடுத்தால் அதே பக்கத்துக் கண்தான் வரும். ஆகவே பார்த்துப் பார்த்து எதிர்ப்பக்கமாகப் பிடித்தேன். சுட்டால் சுருங்கும் என்பதால் சற்றுப் பெரிதாக. காயத்தான் மாட்டேன் என்றது. ஈரத்தோடு சுட்டால் வெடித்துவிடும். என்னிடம் இருந்ததோ ஒரே பொட்டலம். அடுப்பில் தோசைக்கல்லை வைத்து யோகேஸ்வரி கண்ணைத் திருப்பித் திருப்பிக் காயவைத்தாள். திடீரென்று ஏதோ உருண்டு வந்து கூரையில் விழுந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

"கல்லுதான்," என்றார் பூசாரி.

"காஞ்சிருச்சா?" என்றாள் யோகேஸ்வரி.

"தெரியல," என்று சொல்லிக் கேஸ் டார்ச்சின் சுடரைக் கண்மேல் பிடித்தேன். புகைந்து, செம்மஞ்சளாகக் கனன்றது. வெடிக்கவில்லை. ஆறியபின் பிரஷால் தேய்த்தேன், வெள்ளி தெரிந்தது. ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். காட்டினேன்.

"போதும்மா. அவ பாத்துக்குவா," என்று பூசாரி அதை மெழுகு வைத்துச் சிலையில் ஒட்டினார்.

அந்தச் சின்னக் கற்சிலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முன்னே நடக்க, லயமே பின்னால் இறங்கியது. தப்பு மேளம் அடிக்க வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, யாரும் அடிக்கவுமில்லை.

அன்று மலை சரிந்து வரவில்லை. அடுத்த நாள் காலை, பாடசாலையில் எல்லோரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. கோயிலும் அதை ஒட்டிய வீடுகளும் போயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாட்களில் அந்தப் பக்கம் போகாதீர்கள். என்னை உதாரணமாகக் கொள்ளாதீர்கள். இப்போது வெயில், பஸ் ஒழுங்காக ஓடுகிறது. அம்மன் பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறாள்; அங்கே நடக்கும் திருவிழாவுக்கு வரச்சொல்லி யோகேஸ்வரி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். பாதி ரோடு போன அந்த வளைவை நினைத்து நான் இன்னும் பதில் சொல்லவில்லை.