பிள்ளைகளுக்கென்று பூட்டிய அறை

யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்து இறுப்பிட்டியில் மீனாம்பிகையின் வீட்டுக்குப் போகிறவர்களை அந்த அறையைப் பார்க்காமல் அவர் விடமாட்டார். இடுப்பில் சொருகிய திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்து, வாசலில் நின்றபடியே காட்டுவார். மெத்தைக் கட்டில், ஆளுயரக் கண்ணாடி வைத்த அலுமாரி, அறைக்குள்ளேயே கதிரை மாதிரி இருந்து எழும்புகிற கக்கூசு. எல்லாம் லண்டனில் இருக்கிற மகன் ரஜீபன் காசனுப்பிக் கட்டுவித்தது. நயினாதீவுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்தால் அவன் தங்குவதற்கு. அவன் வராத வருஷங்களிலும் அது பூட்டியபடியே கிடக்கும். தீவில் இப்படி எத்தனையோ வீடு. இருக்கிறதிலேயே நல்ல அறையில்தான் ஆள் இல்லை. வீட்டுக்காரி குசினிக்குப் பக்கத்துப் பொந்தில் படுத்தெழும்பி, வளவுக் கோடியில் இருக்கிற பழைய கக்கூசுக்கு நடந்து போய் வந்தார்.

மீனாம்பிகை லேசுப்பட்ட ஆளில்லை. புருஷன் மாத்தறையில் கடை வைத்திருந்த காலத்தில் காசுப் பட்டறையில் இருந்தபடி வேலையாட்களை ஆட்டிப் படைத்தவர். புருஷன் கண்மூடிய பிறகு ஆடு, வேலி, பனங்காணி எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய்க் கட்டி மேய்த்தவர். எழுபது தாண்டியும் வாயைத் திறந்தால் "எனக்கென்ன குறை" என்பதுதான். அப்பேர்ப்பட்டவரை ஒரு பைப் விழுத்தியது.

கிணற்றடிப் பைப் மாரிக்கு முன்பே ஒழுகத் தொடங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் உள்ளே இருந்த வாசரைத் தின்றிருந்தது. அடுத்த வளவு யாகப்பு மேசன். ஒரு சொல் சொன்னால் வந்து மாற்றியிருப்பார். இதுக்கெல்லாம் ஆள் கூப்பிடுவதா என்று மீனாம்பிகை ஒரு சீலைத்துண்டால் இறுக்கிக் கட்டினார். துண்டு ஊறிச் சொட்டியது. சொட்டின சீமெந்தில் பாசி பிடித்தது. கக்கூசுக்குப் போகிற வழியும் அதுதான். ஒருநாள் கால் வழுக்க, விழாமல் சமாளித்ததில் முழங்கால் பிரண்டது. நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு நொண்டினார். அவ்வளவு தூரம் நொண்டுவது கஷ்டமாக இருக்கவே, பெரிய கெட்டித்தனம் ஒன்று செய்தார்: தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்.

மூத்திரம் எரிகிற சலக்கடுப்பு வந்தது. வெளியில் சொல்ல வெட்கம். தண்ணீர் வற்றிய உடம்புக்குப் பிரஷர் குளிசையை மட்டும் நேரந்தவறாமல் போட்டார். சித்திரை வெயிலில் ஆட்டுக்குக் குழை கட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, அப்படியே சரிந்தார். யாகப்புவின் மனைவி கத்தரீனாதான் ஓடிவந்து தூக்கி, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது டொக்டராய் இருந்த இளம் பிள்ளை கேட்டாள்.

"ஏன் அம்மா தண்ணி குடிக்கிறேல்லை?"

"குடிச்சால் போகவேணும் பிள்ளை. கால் ஏலாது."

"கக்கூசு அவ்வளவு தூரமோ?"

"வீட்டுக்குள்ளையும் ஒண்டு இருக்கு. அது பிள்ளையளுக்கு."

"பிள்ளையள் எங்கை?"

"லண்டனிலை."

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. சேலைன் போத்தலை நிமிர்ந்து பார்த்துச் சரிசெய்தாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் மீனாம்பிகைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று பின்னேரம் கத்தரீனாவின் போனில் ரஜீபன் வந்தான்.

"அம்மா, இனித் தனிய இருக்க ஏலாது. யாழ்ப்பாணத்திலை நல்ல முதியோர் இல்லம் ஒண்டு சொல்லி வைச்சிருக்கிறன். திருவிழாவுக்கு வரேக்கை கொண்டுபோய் விடுறன்."

விழுந்தபோது வராத பயம் அப்போதுதான் வந்தது. இன்னொருவர் மணி அடிக்கச் சாப்பிட்டு, இன்னொருவர் விளக்கணைக்கப் படுப்பதா? ஆனால் குரலைத் தளரவிடவில்லை.

"வா தம்பி. வந்து பாத்திட்டுச் சொல்லு."

வீட்டுக்கு வந்த கையோடு யாகப்புவைக் கூப்பிட்டார்.

"இந்தப் பைப்பை மாத்தும். பாசியை ஒட்டச் சுரண்டி, நிலத்தைச் சொரசொரப்பாப் பூசி விடும்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருக்கலாம்தான். இப்ப சொல்லுறன், செய்யும்."

பிறகு திறப்பை எடுத்து அறையைத் திறந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. முதல்நாள் கட்டில் ஓரத்தில் விருந்தாளி மாதிரி ஒடுங்கிப் படுத்தார். கிழமை ஒன்று போவதற்குள் நடுக்கட்டிலுக்கு வந்துவிட்டார். தண்ணீர்ச் செம்பு தலைமாட்டில் இருந்தது; விரும்பின நேரம் குடித்தார். ஆனி பிறக்கும்போது நொண்டல் இல்லை. திறப்பை எங்கே வைத்தார் என்பதும் மறந்து போயிற்று.

ரஜீபன் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து இறங்கினான். ஓட்டோவடிக்கு நடந்துவந்து ஒரு பையைத் தூக்கிய தாயை ஏற இறங்கப் பார்த்தான். புதுப் பைப்பைத் திறந்து கால் கழுவினான். பூட்டினான், ஒரு சொட்டும் விழவில்லை.

"இல்லத்துக்காரர் நாளைக்கு வரச் சொன்னவை அம்மா," என்றான், முன்பு இருந்த உறுதி இல்லாமல்.

"ஆள் வரேல்லை எண்டு போனிலை சொல்லு."

அவன் தலையாட்டினான். பெட்டியை இழுத்துக்கொண்டு பழக்கத்தில் அந்த அறைப் பக்கம் போனான். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. கட்டிலில் தாயின் சீலை, அலுமாரித் தட்டில் குளிசைகள், தலைமாட்டில் செம்பு. அவன் வாசலிலேயே நின்றான்.

"அப்ப நாங்கள் எங்கை அம்மா?"

"குசினிக்குப் பக்கத்து அறையும் விறாந்தையும் கூட்டி வைச்சிருக்கிறன். கக்கூசு வளவுக் கோடியிலை," என்றார் மீனாம்பிகை. "வழி இப்ப வழுக்காது. வடிவாத் தண்ணி குடி, பயப்பிடாமல் போய் வரலாம்."