எட்டில் செவ்வாய்

பாஞ்சாலி, காவாந்தண்டலத்தில் கூலி வேலை செய்த கன்னியப்பனின் மகள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ராஜாராம் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை திறந்தபோது, எக்ஸ்.டி. என்ற இயந்திரத்தின் முன் அவளை உட்கார வைத்தார். ஒரு ஜாதகத்தைக் கணிக்க அதற்கு வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரம் ஆகும். அதற்குள் வந்தவர்கள் தங்கள் குடும்பக் கஷ்டத்தை எல்லாம் அவளிடம் சொல்லிவிடுவார்கள்.

எண்பத்தேழில் ராஜாராம் அடுத்த ரகமான ஏ.டி.யை வாங்கினார். அதன் வேகத்தை ஊருக்குக் காட்ட, இரண்டையும் கடை வாசலில் ஜோடியாக வைத்தார். கூட்டம் கூடியது.

"ரெண்டுலயும் ஒரே ஜாதகம் ஓடணும். அப்பதான் வித்தியாசம் தெரியும். ஒன் பொறந்த நேரத்தையே போடு பாஞ்சாலி."

"எங்க வூட்டுல ஜாதகமே பாக்கறதில்ல சார்."

"நீ ஆஸ்பத்திரில பொறந்தவ. நேரம் கரீட்டா கீது. சும்மா டெஸ்டிங்கு, போடு."

போட்டாள். பழையது திணறிக்கொண்டிருக்கும்போதே, புதியது கக்கிய தாளைக் கிழித்து ராஜாராம் உரக்கப் படித்தார். எட்டில் செவ்வாய், மாங்கல்ய பலம் இல்லை. கூட்டம் கை தட்டியது. பிறகு பழையதும் அதையே சொல்லி முடித்தது.

கூட்டத்தில் ராஜகுளத்துக் கோவிந்தம்மாள் நின்றிருந்தாள். அவள் மகனுக்குத்தான் பாஞ்சாலியைப் பேசிப் பூ வைத்திருந்தார்கள். மறுவாரமே ஆள் அனுப்பினாள். "ரெண்டு மிஷினும் ஒரே மாதிரி சொல்லுது. எனக்கு எம் புள்ள உசிரு வேணும்."

கன்னியப்பன் கடைக்கு வந்து அழுதார். ராஜாராம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "நானா சொன்னேன் கன்னியப்பா? மிஷின் சொல்லிச்சி."

வேறு வேலை கிடைக்காததால் பாஞ்சாலி அங்கேயே இருந்தாள். வேகத்தைப் பார்க்க யார் வந்தாலும் ராஜாராம் அவள் ஜாதகத்தைத்தான் ஓட்டிக் காட்டினார். அவருடைய மகள் செல்லம்மாள் மட்டும், சாப்பாட்டுக் கேரியரோடு வரும்போதெல்லாம், "அக்காளுதையே ஏம்பா போட்டுக்கினு கீற?" என்று சண்டை போடுவாள்.

எண்பத்தொன்பதில் அதற்கும் அடுத்த ரகமான த்ரீ எய்ட்டி சிக்ஸ் வந்தது. மறுபடியும் கூட்டம். பாஞ்சாலி விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் கட்டம் திரையில் நின்றது. ராஜாராம் தாளைக் கிழித்துப் படித்தார். "ஏழில் சனி, களத்திர தோஷம்..." தாளை மறுபடி பார்த்தார். "இது ஒன்னுது இல்லியே."

"இல்ல சார். செல்லம்மாளுது," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. கடை திறந்த அன்று முதன்முதலாகக் கணித்த ஜாதகம் அது. அதை மறைத்து வைக்கும்படி அவர்தான் சொல்லியிருந்தார்.

வேகத்தைப் பார்த்து அசந்த கூட்டம் அதற்கும் கை தட்டியது. ராஜாராம் அவளை அறைந்தார். அதை அவள் எதிர்பார்த்தேதான் இருந்தாள். கேரியரோடு வாசலில் நின்ற செல்லம்மாளை அவள் எதிர்பார்க்கவில்லை.

அதன்பின் பாஞ்சாலி காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தாள். கல்யாணம் ஆகவில்லை. செல்லம்மாளுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், கடைசியில் மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள்.

ஒருமுறை பஸ்ஸில் பாஞ்சாலி அவளைப் பார்த்தாள். நகர்ந்து இடம் கொடுத்தாள். வயிறு பெருத்திருந்த செல்லம்மாள், உத்திரமேரூர் வரும்வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள்.