அரளியடிக் கறை

ச்சீ அத்தைக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவளுடைய தம்பி பிள்ளைகள். வைத்ததில் தப்பே இல்லை. காலையில் கண் விழித்ததும் தலையணையில் கிடக்கும் தன் தலைமுடியைப் பார்த்தே ஒரு ‘ச்சீ’ சொல்லித்தான் அவள் நாளைத் தொடங்குவாள். பாலில் ஆடை படிந்தால் ச்சீ. பிள்ளைகள் பென்சிலைக் கடித்தால் ச்சீ. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தும்மிவிட்டால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே வருவாள். வீட்டில் பிறந்த பெயர் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. டாக்டர்கள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள்.

இப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் எப்படிக் குப்பை கொட்டினாள் என்று கேட்கலாம். ரத்தம், சீழ், வாந்தி, அதற்கும் மேலே சொல்லக் கூடாதவை, எதைக் கண்டாலும் அவள் முகம் எட்டுக் கோணலாகும். ஆனால் கை நிற்காது. அந்த அருவருப்பு இருந்ததால்தான் அவள் கசக்கிய விரிப்பு அத்தனை வெள்ளையாக வந்தது. பத்து வருஷமாக அவள் மடிப்பு மேசைக்குத் தலைவி. தன் மேசையைத் தாண்டிக் கறையுள்ள விரிப்பு ஒன்றுகூட வார்டுக்குப் போனதில்லை என்பதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிக் காட்டுவாள்.

அதே மேசையில் அவளுக்கு எதிரே நின்று மடிப்பவள் தம்பி மனைவி. வேலை வாங்கிக் கொடுத்ததே அத்தைதான். கணவன் இறந்த பிறகு அத்தை தம்பி வீட்டிலேயே இருந்ததால், இருவரும் வீட்டிலும் ஒருத்தி முகத்தில் ஒருத்திதான் விழித்தாக வேண்டும். தம்பி மனைவி சாவதானமான பெண். கை ஈரத்தைக் கட்டியிருக்கும் துணியிலேயே துடைத்துக்கொள்வாள். கீழே விழுந்த பிஸ்கட்டை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், தான் அண்ணி என்று கூப்பிடும் அத்தைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தருவாள். அத்தை அதை வாங்கி, தொட்டியில் கொட்டி, டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவி, தானே தண்ணீர் பிடித்துக் குடிப்பாள். பதினோரு வருஷமாக நடக்கிற கூத்து இது. தம்பி மனைவி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை; மறுநாளும் டம்ளர் வரும்.

கதை காக்கையில் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியின் பின்முற்றத்தில் பெரிய மரத்தடியில்தான் எப்போதும் துணி காயும். ஒரு நாள் மரத்துக் காக்கை ஒன்று, காய்ந்துகொண்டிருந்த தலையணை உறையில் தன் காரியத்தை முடித்துவிட்டது. அத்தைக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. கையோடு கொடிகளை அவிழ்த்து மதில் ஓரமாகக் கட்டச் சொன்னாள். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த அரளி வரிசை நின்றது. குழந்தைகள் வார்டின் சின்ன விரிப்புகளுக்குக் கொடியில் இடம் போதவில்லை என்று, அரளிக் கிளைகளுக்குக் கீழே நாலு கால் நட்டுக் கம்பி வலை அடித்து, அதில் பரப்பிக் காயவைத்தார்கள். யோசனை அத்தையுடையது. அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் குழந்தைகள் வார்டிலிருந்து பதினோரு விரிப்புகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் விரல் நுனி அளவுக்குக் கறை, பச்சையும் பழுப்புமாக. அத்தை கறையைப் பார்த்தாள். எதிரே நின்றவளின் விரல்களைப் பார்த்தாள். மேசையைச் சுற்றி எட்டுப் பேரும் சலவைப் பிரிவு மேற்பார்வையாளரும் நிற்கிறார்களே என்றுகூட யோசிக்கவில்லை.

“உன் விரல்தான் இது. எதைத் தின்னுட்டு வந்து துணியத் தொட்டியோ. ச்சீ, உன் கையப் பாத்தாலே எனக்குக் குமட்டுது.”

தம்பி மனைவி தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள், அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. அன்று மதியமே மேற்பார்வையாளர் அவளை அழுக்குத்துணி அறைக்கு மாற்றினார். வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளை அவிழ்த்துப் பிரிக்கும் அறை அது. அங்கே ஜன்னல் உண்டு. ஆனால் திறந்தால் வெளியே இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் டம்ளர் வரவில்லை.

மாற்றிய பிறகும் இரண்டு நாள் கறை விழுந்தது. பழைய கறை சரியாகப் போகவில்லை என்று அத்தை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூன்றாவது நாள் ஒன்றுகூட இல்லை. பார்த்தீர்களா என்கிற மாதிரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

அன்றுதான் அவள் காலில் அது ஏறியது.

கம்பி வலைக்குக் கீழே கூட்டிக்கொண்டிருந்தாள். தினமும் கூட்டுகிற இடம்தான். செருப்பில் ஏதோ கனத்தது. குனிந்தால், அவள் நடுவிரலைவிடப் பெரிய புழு, உரித்த சதை மாதிரி பழுப்பும் ஆரஞ்சுமாக, வாலில் ஒரு கொம்போடு, கால்விரல் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றுக் கால்கள் ஒவ்வொன்றாக அவள் தோலைப் பிடித்தன, விட்டன. அத்தை போட்ட சத்தத்தில் தோட்டக்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

புழுவை அவர் வெறும் கையால் எடுத்தார். அத்தை இரண்டடி தள்ளிப்போனாள். இது அரளியைத் தின்கிற கொம்புப் புழு என்றும், தின்று முடித்துவிட்டுத் தூங்க இடம் தேடி இறங்குகிறது என்றும், இரண்டு நாளாக எல்லாமே இறங்கிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். பிறகு அவள் கூட்டி வைத்திருந்த குவியலிலிருந்து ஊறிய மிளகு போன்ற ஒன்றை எடுத்து நீட்டினார். “இது அதோட சாணிம்மா. ஈரத்துல பட்டா சாயம் விட்டுடும்.”

அத்தை அதைப் பார்த்தாள். அரளி மொட்டு காய்ந்து உதிர்கிறது என்று நினைத்து மூன்று வாரமாக விரிப்புகளிலிருந்து தன் கையாலேயே பொறுக்கிப் போட்ட சாமான். ஒரு தடவை மணம் இருக்கிறதா என்று மூக்கருகே வைத்துக்கூடப் பார்த்திருக்கிறாள். தண்ணீர்க் குழாயடிக்கு ஓடி, காலையில் குடித்த காப்பியை அப்படியே கக்கினாள். கையை ஏழு தடவை கழுவினாள். எட்டாவது தடவை கழுவும்போதுதான் இன்னொரு கை ஞாபகத்துக்கு வந்தது, எட்டுப் பேருக்கு முன்னால் திருப்பிப் பார்த்துக்கொண்ட அந்தக் கை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. தோட்டக்காரருக்குக் கறையைப் பற்றிக் கவலை இல்லை. அத்தை அப்படி இருக்கவில்லை என்பதை அவள் கணக்கில் எழுத வேண்டும். முகத்தைக்கூடத் துடைக்காமல் மேற்பார்வையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரித்தார்.

“அவ எடத்த மாத்தின மூணாவது நாளே கறை நின்னுடுச்சு. புழுவும் மாத்தல் வாங்கிட்டுப் போயிடுச்சா?”

அவர் மேசையில் கடிதம் ஒன்று தயாராக இருந்தது. குழந்தைகள் வார்டு விஷயம் என்பதால் தம்பி மனைவியை வேலையை விட்டே நீக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அத்தை கடிதத்தின் மேல் கையை வைத்தாள்.

“அத அனுப்பாதீங்க. கறை திரும்ப வரும். எப்ப வரும்னு முன்னாடியே நான் சொல்றேன். சொன்ன நாள்ல வரலைன்னா என் பேரையும் சேத்து எழுதி அனுப்புங்க.”

அவள் பெயரையும் எழுதலாம் என்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்திருக்க வேண்டும். கடிதம் இழுப்பறைக்குள் போனது.

எப்போது வரும் என்று அவளுக்கு என்ன தெரியும்? தோட்டக்காரரைக் கேட்டால், போகும் வரும், யார் நாள் எண்ணினார்கள் என்றார். அதனால் அவளே எண்ண வேண்டியதாயிற்று. வார்டுத் துணிகளைப் பழையபடி காக்கை மரத்தடிக்கே மாற்றினாள். வலையில் ஒரே ஒரு கிழிந்த விரிப்பை மட்டும் தினமும் நனைத்துப் போட்டாள். பஞ்சு வரும் கண்ணாடி ஜாடி ஒன்றில் மண்ணும் சருகும் போட்டு, தோட்டக்காரரை விட்டு அந்தப் புழுவை அதற்குள் விடச் சொல்லி, வாயை மருந்துத் துணியால் கட்டி, காயவைக்கும் அறை ஜன்னலில் வைத்தாள். சுவரில் சாக்கட்டியால் தினம் ஒரு கோடு.

அந்த ஜாடியை அவள் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலையைத் திருப்பிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பாள். புழு எச்சில் நூலால் சருகுகளை இழுத்து ஒட்டிக்கொண்டு உள்ளே சுருங்கியது. ச்சீ. மூன்றாவது நாள் தோல் கிழிந்து கசங்கிய உறையாக வால் பக்கம் ஒதுங்கியது. உள்ளிருந்து மரநிறத்தில் ஒரு கூடு. ச்சீ. செத்துவிட்டதோ என்று பென்சிலால் தொட்டால் அந்தக் கூடு இடுப்பை ஆட்டியது. அந்தப் பென்சிலைக் குப்பையில் எறிந்தாள்.

பதினாலாவது கோடு போட்ட காலையில் கூடு திறந்திருந்தது. துணியில் தொங்கிய பூச்சியின் இறகுகள் பிழிந்து போட்ட துணி மாதிரி கசங்கியிருந்தன. ஒரு மணி நேரத்தில் அவை விரிந்தன. கரும்பச்சை, இளம்பச்சை, நடுவில் இளஞ்சிவப்பு என்று பட்டாளத்துச் சட்டைபோல ஒரு பூச்சி. விரிந்து முடிந்ததும் அது செய்த முதல் வேலை, பின்பக்கத்திலிருந்து கலங்கலாக ஒரு நீரைப் பீய்ச்சி வெள்ளைத் துணியைக் கறையாக்கியது. மடிப்பு மேசைக்காரிகள் எல்லாம் என்ன அழகு என்று கூடி நின்றார்கள். அத்தை கறையை மட்டும்தான் பார்த்தாள்.

தோட்டக்காரர் அதைச் செல்போனில் படம் பிடித்துத் தேடினார். ஸ்பிங்க்ஸ் வகை அந்துப்பூச்சி என்று போட்டிருந்ததாம், அரளியைத் தின்கிற ஜாதி. அந்தப் பெயர், மனிதத் தலையும் சிங்க உடம்புமாக உட்கார்ந்திருக்கும் ஒரு கற்சிலையுடையது. இந்தப் புழுக்களும் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் உட்காருமாம். வேலை செய்யாமல் தலையைத் தூக்கி உட்காருகிறவரை எனக்கும் தெரியும் என்று அத்தை மேற்பார்வையாளரின் அறைப் பக்கம் பார்த்தாள்.

பூச்சியைச் செடியில் விட்டார்கள். நாலு நாள் கழித்து, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொண்டு அவள் அரளித் தளிர்களைத் திருப்பிப் பார்த்தாள். தனித்தனியாக, கடுகு அளவில் பச்சை முட்டைகள். இன்னும் நாலு நாளில் மஞ்சள் நூல்போலக் குட்டிப் புழுக்கள், உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் கறுப்புக் கொம்போடு. பிறந்ததும் தன் முட்டை ஓட்டையே தின்றது ஒன்று. அத்தை ஓடிப்போய்க் கொப்பளித்துவிட்டு வந்து, மேற்பார்வையாளரிடம் இன்றிலிருந்து பதினைந்தாம் நாள் கறை விழும் என்று சொன்னாள். எந்தத் தைரியத்தில் சொன்னாளோ, அவளுக்கே தெரியாது. புழு எப்படியும் ரெண்டு மூணு வாரம் தின்னும் என்று தோட்டக்காரர் உத்தேசமாகச் சொன்னதுதான் கையிருப்பு.

இத்தனை நாளும் இதையெல்லாம் முதலில் யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவளிடம் அத்தை சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே சொல்லவில்லை. எல்லாம் நிரூபணம் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டாள். அது சாக்கு என்று அவளுக்கே தெரியும். நா எழவில்லை, அவ்வளவுதான். தம்பி மனைவி சாயங்காலம் வந்து, நாற்றம் போகக் குளித்துவிட்டு, பேசாமல் சமைத்தாள்.

பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மேற்பார்வையாளரை நாற்காலி போட்டு அரளிக்கு முன்னால் உட்காரவைத்தாள். நனைத்த விரிப்பு வலையில் வெள்ளையாகக் கிடந்தது. அரை மணி ஆயிற்று. ஒன்றுமில்லை. ஒரு மணி ஆயிற்று. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு தடவை இருமினார், எழுந்திருக்க நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். அப்போது விரிப்பில் ‘பொத்’தென்று ஒன்று விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஈரம் அவற்றைச் சுற்றி மெல்லப் பச்சையாகிப் பழுப்பானது, சரியாக விரல் நுனி அளவுக்கு.

அவர் அண்ணாந்தார். கிளையில் பெருத்த பச்சைப் புழு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, முதுகில் கண்போல இருந்த இரண்டு நீலப் பொட்டுகளை விரித்து அவரைப் பார்த்தது. “ச்சீ” என்றார் மேற்பார்வையாளர். அத்தைக்கு அதில் சந்தோஷம் இல்லாமல் இல்லை. கடிதம் அவள் கண் முன்னாலேயே கிழிபட்டது. தம்பி மனைவியை அன்றே மடிப்பு மேசைக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொன்னார்.

அழுக்குத்துணி அறைக்கு அத்தை போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அறைந்தது. மூக்கைப் பொத்தக் கை தானாக எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறக்கினாள். தம்பி மனைவி ஒரு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்த இரண்டு பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், அத்தையைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

அத்தை நின்றபடியே சொன்னாள். காக்கை, வலை, புழு, தான் பொறுக்கியது, தான் முகர்ந்தது, ஒன்றையும் விடவில்லை. கடைசியில், “தப்பு என் மேலதாம்மா. உன் கை சுத்தமாத்தான் இருந்துச்சு. மேசைக்கு வந்துடு” என்றாள்.

தம்பி மனைவி மூட்டையின் முடிச்சை அவிழ்த்து முடித்தாள்.

“நான் இங்கயே இருந்துக்கறேன் அண்ணி. இங்க துணியத்தான் அழுக்குன்னு சொல்றாங்க.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அத்தை பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். இல்லை. வெளியே போகவும் கால் வரவில்லை. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள்.

மூலையில் ஒரு குடமும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு டம்ளரும் இருந்தன. தம்பி மனைவி எழுந்துபோய் டம்ளரை எடுத்தாள். குடத்தில் கை வைக்கும் முன் திரும்பி, வீட்டில் கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“கழுவித் தரட்டுமா?”

மற்ற இரண்டு பேரும் துணியைப் பார்த்தபடி இருந்தார்கள். அத்தை வேண்டாம் என்று தலையசைத்தாள். தண்ணீர் வந்தது. டம்ளரின் விளிம்பில் யாருடைய உதட்டுத் தடமோ இருந்தது. அவள் கண்ணுக்கா தப்பும்? குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.