ஏழாம் மாடிக்குரிய வரி

அந்த அலுவலகத்தில் ஓய்வுபெறுகிறவர்களுக்குக் கொடுக்கும் கடிதத்தில் இரண்டு மாதிரிகள் உண்டு. அதிகாரி என்றால், உங்களோடு வேலை செய்தது எங்களுக்குக் கிடைத்த 'பிரிவிலேஜ்' என்று ஆங்கிலத்தில் முடியும். மற்றவர்களுக்கு, உங்கள் சேவைக்கு நன்றி. அவ்வளவுதான்.

இருபத்தாறு வருஷமாக இரண்டையும் அடித்துத் தந்தவர் மூன்றாம் மாடி டைப்பிஸ்ட் அக்கா. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் எந்த ஆங்கிலச் சொல் எந்த மாடிக்குப் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரு மணி நேரம் தாமதமாக வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போன சிறப்பு விருந்தினருக்கு அனுப்பும் நன்றிக் கடிதத்தில்கூட அந்த 'பிரிவிலேஜ்' தாராளமாகப் போகும்.

அன்று மாலை லிஃப்ட்காரருக்கு வழியனுப்பு விழா. கடிதத்தைச் சரிபார்க்கும் வேலை அதே மூன்றாம் மாடியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுடையது. அவள் வீட்டின் முதல் பட்டதாரி. ஆங்கிலத்தில் தப்பு விட்டுவிடுவோமோ என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிப்பாள். கடைசி வரியில் அவள் கண் நின்றது.

"அக்கா, ஃபார்மட் மாறிடுச்சு. இது ஆபீசர் லெட்டர்ல வர்ற வரி."

"தானா மாறலம்மா. நான்தான் மாத்தினேன்."

"மேனேஜர் திட்டுவாரே."

"திட்டட்டும். அவர் திட்டாத நாள்ல எனக்குச் சோறே இறங்காது."

பெண்ணின் பேனா அந்த வரியின்மேல் தயங்கியது. அடித்துவிடலாம்; அதற்குத்தானே சம்பளம். குடோனில் மூட்டை தூக்கிய அவள் அப்பா, கடைசி நாளன்று வெறுங்கையோடு வீடு வந்தார். அது ஒரு குறையாகவே அவளுக்கு அன்று படவில்லை. ஏன் படவில்லை? பேனாவை மூடிவிட்டு, "கையெழுத்து வாங்க நானும் வரேன்க்கா," என்றாள்.

ஏழாம் மாடியில் மேனேஜர் அந்த வரியை விரலால் தட்டினார். "லிஃப்ட் ஆப்பரேட்டருக்கு இது பெரிய வார்த்தையா தெரியலையா?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "போன மாசம் டைரக்டருக்கும் இதேதான் சார் போட்டோம். மொத்தமே மூணு மாசம் இருந்தார். அவர் பேரையே தப்பா சொல்லி என்னை ரெண்டு தடவை அடிக்க வெச்சீங்க. உங்க முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் தினமும் வாசல்ல நாற்காலி போட்டு வெச்சது லிஃப்ட் அண்ணன்தானே?"

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். "லிஃப்ட்டுக்குள்ளயும் ஒண்ணு போட்டு வெச்சிருந்தார்," என்றார். கையெழுத்துப் போட்டார்.

லிஃப்ட்காரர் யாரையும் மாடியைச் சொல்லித்தான் கூப்பிடுவார். விழா முடிந்ததும் கடிதத்தைப் பெண்ணிடம் நீட்டினார். "சின்ன மூணு, இதுல என்னம்மா போட்டிருக்கு?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். "உங்ககூட வேலை பார்க்க நாங்க கொடுத்து வெச்சிருக்கணும்னு."

"ஏழா சொல்லுச்சு?"

"கையெழுத்து ஏழுதான்."

அவர் திரும்பிப் பார்த்தார். அக்கா காலி டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தவர், லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"வா மூணு. கீழே இறக்கி விட்டுட்டுத்தான் போவேன்."