பக்கத்து வீட்டுப் புட்டு

மனைவி பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போயிருந்த காலத்தில் உரும்பிராயில் எனக்கு நானே சமைத்தேன். ஒரு விளைமீன், ஒரு சின்னச் சட்டி, கெட்டித் தேங்காய்ப்பால். ஓர் ஆளுக்கு அது ராசபோகம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "ஐயோ தம்பி, ஆம்பிளை அடுப்பூதிறதோ?" என்று பின்னேரந்தோறும் ஒரு சட்டி புட்டை வேலிக்கு மேலால் நீட்டுவார். அந்தப் புட்டை எறிந்தால் மாங்காய் விழும். வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. அதனால் என் மீன்குழம்பில் பாதி அதில் ஏறிப் போகும். குழம்பின் ருசி பிடிபட்டதும் அக்காவின் இரக்கம் பெருகியது, சட்டியும் பெருத்தது. எனக்கு மிஞ்சியது மீன்தலையும் அந்தப் புட்டும்தான்.

ஒருநாள் பொறுமை கெட்டு, அவர் தந்த புட்டையே என் சட்டியில் போட்டு மூடி, படலை வாசலில் நின்ற அவர் புருஷனிடம் கொடுத்தேன். வீட்டில் அதையே ஒரு குறையும் சொல்லாமல் தின்கிற மனிதர். சற்று நேரத்தில் வேலிக்கு அப்பால் புருஷனின் குரல் கேட்டது:

"இஞ்சாருமப்பா, உவன் தம்பி மீன்குழம்பு நல்லா வைப்பான். புட்டுத்தான் வாயிலை வைக்கேலாது. நீர் ஒருக்காச் சொல்லிக் குடுமன்!"

அடுத்த பின்னேரம் சட்டி வரவில்லை. விளைமீனை நடுத்துண்டோடு நானே தின்றேன்.